அவகாசம் கேட்டார்

யாரையும் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது மேடம். என் வேலை அப்படி. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு வரும் பாட்டிலைக் குறித்த நேரத்துக்குள் சோதித்துவிட வேண்டும். தாமதித்தால் அதற்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் ஒன்று பெருகிவிடும், இல்லையென்றால் செத்துவிடும், முடிவு பொய்யாகிவிடும். மூன்று வருடத்தில் என் மேசையில் ஒரு பாட்டில்கூடக் கெட்டதில்லை. நீங்கள் என்னைப் பொறுப்பில்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாது, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் யாராவது கேள்வி கேட்டால் எனக்குத் தடுமாறும்.

கார் என் அத்தானுடையது. ஒரு சனிக்கிழமை அக்கா சாவியைக் கொடுத்து, திரைச்சீலை வாங்கி வரச் சொன்னாள். எனக்கு உரிமம் கிடைத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. மெத்தைக் கடை வாசலில் வண்டியை நிறுத்தப் பார்த்தேன். பிரேக்கை மிதிப்பதாக நினைத்து மற்றதை மிதித்துவிட்டேன். கார் கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போய், எட்டு மெத்தைகளைச் சாய்த்துவிட்டு ஒன்பதாவதில் நின்றது. கடைக்காரர் ஓடிவந்து குனிந்து பார்த்தார்.

"அடி ஒண்ணும் படலையேம்மா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"படாது. நம்ம மெத்தை அப்படி."

யாருக்கும் காயமில்லை. ஆனால் காருக்குக் காப்பீடு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அக்கா கட்டியிருப்பாள் என்று அத்தானும், அத்தான் கட்டியிருப்பார் என்று அக்காவும் இருந்துவிட்டார்கள். ஓட்டியது நான், அங்கே தாளில் கையெழுத்துப் போட்டதும் நான். அத்தான் பாதி தருகிறேன் என்றார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பாதியும் போயிற்று.

கடைக்காரருக்கு அவருடைய காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டது. அவர் புதுக் கண்ணாடி போட்டு, உள்ளே ஏசியும் வைத்துக்கொண்டார். என்மேல் அவருக்கு வருத்தமே இல்லை. கொடுத்த பணத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளும் உரிமை அந்த நிறுவனத்துக்கு உண்டாம். அவர்கள் அந்த உரிமையை ஒரு வசூல் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். மெத்தைக் கடைக்குள் போன பெண், இப்படி முன்பின் தெரியாதவர்களுக்குக் கடன்காரியானேன்.

கட்ட மாட்டேன் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. மாதம் இவ்வளவு என்று கோடு போட்ட தாளில் பட்டியல் எழுதி மூன்று கடிதம் அனுப்பினேன். அவர்களிடம் கடிதம் படிக்க ஆளில்லையாம். போனில் பேச வேண்டும், இல்லையென்றால் நேரில் வருபவரிடம் பேச வேண்டும். எனக்குப் போனில் பேச வராது. மணி அடித்தால், அது ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆகவே வசூல்காரர் வந்தார். நாற்பது வயதிருக்கும். முதுகுவலிக்காரர், எழும்போதும் உட்காரும்போதும் இடுப்பில் கை வைப்பார். கையில் ஒரு கோப்பு. அவருக்கு இரண்டு குரல். வாசலில் நின்று என் பெயரையும் விபத்து நடந்த தேதியையும் பாக்கியையும் தெருவே கேட்கும்படி வாசிப்பார். உள்ளே வந்து உட்கார்ந்தால் ஆஸ்பத்திரியில் பேசுவதுபோல் மெதுவாகப் பேசுவார்.

"வாசல்ல பேசுறது ஆபீஸ் குரல்ங்க. தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். "மானத்துக்குப் பயந்தவங்கதான் சீக்கிரம் கட்டுறாங்க. பயிற்சியில அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

வட்டியைப் பற்றியும் அவர்தான் விளக்கினார். "நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம்ங்க. அது பாட்டுக்கு வளரும்."

நான் என் பட்டியலை நீட்டினேன். தவணையை ஒத்துக்கொள்ளத் தனக்கு அதிகாரம் இல்லை, ஆபீசுக்குப் போன் போட்டுப் பேசுங்கள் என்றார். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். இப்படி நான்கு முறை.

எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் கூடத்தின் தலைமை அதிகாரி என் ஆணையில் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. கடன் தகராறு உள்ளவர்களை எடுக்க மாட்டார்கள். அதற்கு முந்தைய நாள் மாலை அவர் என் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார், எதிர்வீட்டில் இருக்கும் தன் தங்கையைப் பார்த்துவிட்டு. வசூல்காரர் அவருக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்து, வாசலில் கோப்பைத் திறந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் "உள்ளே வாங்க" என்று கூப்பிட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் நான் சத்தமாகப் பேசிய சில தடவைகளில் அது ஒன்று.

அவர் வீட்டுக் கூடத்தில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, கழிவறை எங்கே என்று கேட்டார். வீட்டுக் கழிவறையில் குழாய் ஒழுகி, தரையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆகவே பின்னால் இருக்கும் எக்ஸ்ரே அறையைக் காட்டினேன்.

அந்த வீடு முன்பு ஒரு மருத்துவமனை. அந்த அறைக்குப் பயந்துதான் யாரும் குடிவரவில்லை. எனக்கு வாடகை குறைத்துக் கிடைத்தது. பயப்பட ஒன்றுமில்லை, கருவியை எப்போதோ எடுத்துப் போய்விட்டார்கள். படுக்க வைத்துப் படமெடுக்கும் மேசை மட்டும் தரையில் திருகப்பட்டு நிற்கிறது. கூடவே சின்னக் கழிவறை, ஒரு காற்றாடி. ஜன்னல் கிடையாது. கதவுக்குள் ஈயத் தகடு. சுவரில் ஒரு பெட்டி உண்டு: இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு, ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்காது. எடுத்த படத்தை வெளிச்சம் படாமல் அடுத்த அறைக்கு அனுப்ப வைத்தது. நல்ல அமைப்பு.

அவர் கோப்போடு உள்ளே போனார். வாசலில் தலைமை அதிகாரியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். ஐந்து நிமிடத்துக்கு என்றுதான் நினைத்தேன்.

அதிகாரி இரண்டு மணிநேரம் இருந்தார். எதிர்வீட்டுத் தங்கையும் வந்து சேர்ந்துகொண்டார். ஒரு தடவை பின்னாலிருந்து தொம் தொம் என்று கேட்டது. "என்னம்மா அது?" என்றார். "குழாய் வேலை சார்" என்றேன். குழாய் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

அவர்கள் போன பிறகு திறக்கப் போனேன். தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டு யோசித்தேன். இரண்டு மணிநேரம் ஒருவரைப் பூட்டி வைத்துவிட்டு என்ன சொல்லித் திறப்பது? ஒரு நல்ல வாக்கியம் தேடினேன். "மன்னிக்கவும், மறந்துவிட்டேன்" என்றால் பொய். "உங்கள் குரலுக்குப் பயந்து பூட்டினேன்" என்றால் அவருக்கு மனம் வருத்தப்படும். காலையில் யோசிக்கலாம் என்று அந்தச் சுவர்ப் பெட்டியில் சாப்பாட்டை வைத்துவிட்டுப் படுத்தேன். வெள்ளிக்கிழமை என் வேலை நிரந்தரமாயிற்று.

அன்றே திறந்திருந்தால் ஒரு மன்னிப்போடு முடிந்திருக்கும். மறுநாள் என்றால் மன்னிப்போடு காரணமும் சொல்ல வேண்டும். நான்காம் நாள் காரணமும் போதாது. வெளியே வந்ததும் அவர் வாசலில் நின்று அந்த ஆபீஸ் குரலில் பேசுவார், நியாயமாகவே பேசுவார். நான் ஒன்றுமே பண்ணவில்லை மேடம். அது பாட்டுக்கு வளர்ந்தது.

முதல் நாள் இரவு ஏழு மணிக்கு அவருடைய போனில் ஒரு தகவல் வந்தது. "இன்றைய வருகை அறிக்கை வரவில்லை. விளக்கம் தேவை." அந்த போனுக்குப் பூட்டு எதுவும் இல்லை. கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது எனக்கு உறுத்தும். திறந்து பார்த்தேன். அறிக்கையில் நான்கே பதில்கள், ஒன்றைத் தொட்டால் போதும்: பணம் தந்தார். வீட்டில் இல்லை. தகராறு செய்தார். அவகாசம் கேட்டார். கடைசியைத் தொட்டேன். அதுதான் உண்மை.

அவர்கள் வேலை செய்யும் முறை இப்படித்தான் என்று பிறகு புரிந்துகொண்டேன். ஏழு மணிக்குள் அறிக்கை அனுப்பியவர் வேலையில் இருக்கிறார். அனுப்பாதவரைத்தான் தேடுவார்கள். முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

மறுநாள் காலை அதே போனில் ஆறு முகவரிகள் வந்தன. அவரால் போக முடியாத நிலை. என்னால் முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குப் போக முடியாது. ஆகவே ஆறு பேருக்கும் எழுதினேன். "வணக்கம். உங்களுக்கு எப்போது வசதிப்படும் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். அவசரமில்லை." மூன்று பேர் அன்றே கட்டினார்கள். ஒருவர், "இப்படி மரியாதையா யாருமே கேட்டதில்ல சார்" என்று பதில் எழுதி, கூடுதலாகவும் கட்டிவிட்டார். அதைத் திருப்பி அனுப்ப எனக்கு அரை நாள் ஆயிற்று.

அவருடைய சம்பளம் மாதாமாதம் ஒழுங்காக அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இதைக் கண்டிப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான் வந்த பிறகு, அதாவது அவர் வந்த பிறகு, ஊக்கத்தொகையும் சேர்ந்து போனது.

நாங்கள் இருவரும் சீட்டு எழுதிப் பேசிக்கொண்டோம். அவருடைய கோப்பில் ஒருபக்கம் வெற்றான படிவங்கள் நிறைய இருந்தன. முதல் சீட்டு: "கதவு தவறுதலாகப் பூட்டிக்கொண்டதுபோல் தெரிகிறது. திறந்து உதவவும்." நான் எழுதினேன்: "கண்டிப்பாக. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்." ஐந்தாம் நாள்: "இது இரண்டாவது நினைவூட்டல்." நான் எழுதினேன்: "அடுத்த வாரம் நிச்சயம்." மூன்றாம் வாரம் கொட்டை எழுத்தில் வந்தது: "இறுதி அறிவிப்பு. ஏழு நாட்களுக்குள் திறக்கத் தவறினால்". அதோடு நின்றுவிட்டது. தவறினால் என்ன செய்வார் என்று எழுதவில்லை. அவரும் யோசித்துப் பார்த்திருப்பார்.

ஆரம்பத்தில் கதவைத் தட்டுவார். ஈயத் தகட்டில் தட்டினால் கைதான் வலிக்கும், தெருவுக்குக் கேட்காது. சமையலறைக்கு மட்டும் லேசாகக் கேட்கும். நான் ரேடியோ வைத்துக்கொண்டேன்.

அவரை நான் நன்றாகவே பார்த்துக்கொண்டேன். மூன்று வேளையும் நான் சாப்பிடுவதைத்தான் கொடுத்தேன். போர்வையைச் சுருட்டிப் பெட்டி வழியாக அனுப்பினேன். மேசையில் படுத்து முதுகுவலி அதிகமாகிவிட்டது என்று எழுதியிருந்தார். அன்றைக்கே அந்த மெத்தைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அடையாளம் தெரிந்துகொண்டு, "இந்தத் தடவை நடந்து வந்தியா தாயி, நல்லது" என்று பாதி விலைக்குக் கொடுத்தார். முதுகுக்கு நல்ல மெத்தை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான், கதவைத் திறக்காமல் அதை உள்ளே அனுப்ப முடியாது என்பது உறைத்தது. வீணாகப் போகக் கூடாது என்று நான் படுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வருவாள். ஒருநாள் கழுவ வைத்திருந்த தட்டுகளைப் பார்த்துவிட்டாள்.

"ரெண்டு தட்டு எதுக்குடி?"

"ரெண்டாவது தடவை போட்டுச் சாப்பிட்டேன்க்கா."

"புதுத் தட்டுலயா? மகாராணிதான் போ. தனியா இருந்து இருந்து உனக்குக் கிறுக்குப் பிடிக்கப் போகுது. ஒரு நாய்க்குட்டியாவது வாங்கி வச்சுக்கோ."

"இடமில்லக்கா," என்றேன்.

மூன்றாம் மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை அனுப்பினேன். ஆறு நாள் தட்டு போனபடியே திரும்பி வந்தது. மருத்துவரைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். நோயாளி ஏன் உள்ளே இருக்கிறார் என்று முதல் கேள்வியே கேட்பார். அதற்கு என்னிடம் வாக்கியம் இல்லை. ஏழாம் நாள் தட்டு பாதி காலியாக வந்தது. அன்று எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது. பரிசோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

அந்தக் காலாண்டில் அவர்தான் சிறந்த வசூல் அலுவலர் ஆனார். பரிசை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று கேட்டார்கள். அவர் இருக்கும் முகவரியைக் கொடுத்தேன். ஒரு சுவர்க் கடிகாரம் வந்தது. சுவர்ப் பெட்டிக்குள் மயிரிழையில் நுழைந்தது. மறுநாளே திரும்பி வந்தது, ஒரு சீட்டோடு: "நேரம் தெரிவதால் கஷ்டமாக இருக்கிறது." நான் பாட்டரியை எடுத்துவிட்டு மீண்டும் உள்ளே அனுப்பினேன். பரிசு அவருடையது அல்லவா.

அவர் மனைவிக்கும் நான்தான் எழுதினேன். வெளியூரில் வேலை, சிக்னல் சரியில்லை, பேச முடியாது என்று. ஒவ்வொரு நாளும் விசாரிப்பேன். "சாப்பிட்டீர்களா? மகளுக்கு இருமல் குறைந்ததா? நீங்கள் நேரத்துக்குத் தூங்குங்கள்." முதலில் அவர் "ம்" என்று மட்டும் பதில் போடுவார். பிறகு நீளமாக எழுத ஆரம்பித்தார். மகள் வரைந்த படத்தையெல்லாம் அனுப்புவார். வீடு, மரம், வீட்டுக்கு வெளியே கோப்போடு நிற்கும் ஒரு ஆள். அதைத் தாளில் அச்செடுத்துப் பெட்டியில் வைத்தேன். அன்றைக்கு எந்தச் சீட்டும் வரவில்லை.

என் கடனை நான் ஒரு தவணைகூடத் தவறவிடவில்லை. அவருடைய போனில்தான் ரசீது போடும் வசதி இருந்தது. மாதச் சம்பளம் வந்ததும் கட்டி, நானே ரசீது போட்டுக்கொண்டேன். ஏழாம் மாதம் முடிந்துவிட்டது. கடன் தீர்ந்ததற்கான படிவத்தில் அலுவலரின் கையெழுத்து வேண்டும். பெட்டியில் வைத்தேன். கையெழுத்து வந்தது, கொஞ்சம் நடுங்கியிருந்தது. கீழே சின்னதாக எழுதியிருந்தார்: "வாழ்த்துகள். இனி நான் போகலாமா?"

அன்று முழுக்க அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவரைக்கும் அவர் என் வீட்டில் இருப்பதற்கு ஒரு காரணம் இருந்தது: வசூலுக்கு வந்தவர், வசூல் முடியவில்லை. கடன் தீர்ந்த பிறகு, யாராவது கேட்டால், இவர் இங்கே எதற்கு இருக்கிறார் என்று நான் எப்படி விளக்குவேன்? முன்பே திறப்பது கஷ்டமாக இருந்தது, இப்போது முடியாததாகிவிட்டது. நீங்களும் யோசித்துப் பார்த்தால் ஒத்துக்கொள்வீர்கள். "விசாரித்துச் சொல்கிறேன்" என்று எழுதினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அவர் மனைவி வந்தார். வாசலில் சத்தம் போடவில்லை. செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, உட்காரலாமா என்று கேட்டு உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்தார்.

"கடிகாரம் வந்த முகவரிய ஆபீஸ்ல கேட்டு வாங்கிட்டு வந்தேன்," என்றார். "ஆறு ஏழு மாசமா ஒரு மாதிரி மரியாதையா எழுதுறாரு. நீங்க, வாங்க, சாப்பிட்டீங்களான்னு. பத்து வருஷத்துல என்னை அப்படிக் கேட்டதே இல்ல. மனுசன் வெளிய எங்கயோ சந்தோஷமா இருக்காருன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

மீதித் தண்ணீரையும் குடித்தார்.

"இங்கதான் இருக்காரா?"

நேராகக் கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது. "இருக்கார்," என்றேன்.

"எத்தனை நாளா?"

"இருநூத்திப் பதினாலு."

"எண்ணி வேற வச்சிருக்கீங்க." அவர் சிரித்தமாதிரி இருந்தது. "நான் சண்டை போட வரலங்க. பார்த்தா படிச்ச பொண்ணாத் தெரியுது, வயசும் சின்ன வயசு. பாப்பாவ ஸ்கூல்ல சேர்க்கணும், ஃபாரத்துல அப்பா கையெழுத்து வேணும். அத மட்டும் வாங்கிக் குடுங்க. அதுக்கப்புறம் நீங்களே வச்சுக்கங்க."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் அவசரமாகச் சொன்னேன்.

"ஐயோ, நீங்க நினைக்கிற மாதிரி இல்லைங்க."

"எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்கம்மா."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. தலைமை அதிகாரியின் தங்கை அங்கே நின்று ஏதோ துடைத்துக்கொண்டிருந்தார். கடன்காரி என்று பெயர் வாங்கினால்கூடக் கட்டித் தீர்த்துவிடலாம். இந்தப் பெயரை எந்தத் தவணையில் தீர்ப்பது? மேடம், ஏழு மாதமாகத் தேடிய வாக்கியம் எனக்கு அப்போதுதான் கிடைத்தது. "வந்து நீங்களே பாருங்க," என்றேன். எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். துருப்பிடித்திருந்தது, சுத்தியலால் இரண்டு தட்டு தட்ட வேண்டியிருந்தது.

வசூல்காரர் மேசையில் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் பட்டதும் கோப்பைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டார். தாடி வெளுத்திருந்தது. சுவர் முழுக்க, கரண்டிக் காம்பால் கீறி, தேதி இல்லாமல் வரிசை எண் மட்டும் போட்டு, அன்றன்றைய வருகை அறிக்கையை எழுதியிருந்தார். ஒருநாள் விடாமல். "சந்தித்தேன். அவகாசம் கேட்டார்." "சந்தித்தேன். அவகாசம் கேட்டார்." அறிக்கை போகாவிட்டால் சம்பளத்தைப் பிடித்துவிடுவார்கள் என்று கவலைப்பட்டிருக்கிறார். சம்பளம் ஒழுங்காகப் போகிறது என்று முன்பே ஒரு சீட்டில் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. அது என் தவறுதான்.

அவர் மனைவியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். ஆஸ்பத்திரிக் குரலில், "போகலாமாங்க?" என்று கேட்டார்.

அந்த அம்மா அதன் பிறகுதான் சத்தம் போட்டார். அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. தெருவே வந்துவிட்டது.

அவ்வளவுதான் மேடம். கதவைப் பூட்டியது நான். அறிக்கை அனுப்பியது நான். காய்ச்சலில் கிடந்தபோது மருத்துவரைக் கூப்பிடாதது நான். அவர் பெயரில் அவர் வீட்டுக்கு எழுதியதும் நான். எல்லாவற்றுக்கும் எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். தெருவில் இப்போது என்னைப் பற்றி வேறுமாதிரி பேசிக்கொள்வதாக அக்கா சொன்னாள். அதனால் இந்த ஒரு வரியை மட்டும் தனியாக, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிக்கொள்ளுங்கள்: அந்த இருநூற்றுப் பதினான்கு நாளில், ஒருமுறைகூட, நான் அந்தக் கதவைத் திறந்ததில்லை.